மல்லேஸ்வரத்துக் காற்றை எண்ணுவது எப்படி?

(மல்லேஸ்வரத்தில் தமிழில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி வளர்ந்ததே காற்றைப் பற்றிய ஓர் அச்சத்தால்தான். 1898-ல் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதற்குப் பிறகு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புதுக் குடியிருப்புகளாக வேகமெடுத்தன. அகலமான தெரு, வீட்டைச் சுற்றி இடைவெளி, இரண்டு கிராஸுக்கும் நடுவே துப்புரவுக்கென்று ஒரு சந்து என்று எல்லாமே காற்று ஓடட்டும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை. அதே 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கை எலியிலிருந்து எலிக்குக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி என்று சோதனை செய்து காட்டினார். காற்றோட்டம் நல்லதுதான். ஆனால் நெறி கட்டிய அந்தப் பிளேக்குக்குக் கெட்ட காற்று காரணம் என்ற நம்பிக்கை தவறு. எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொல்ல ஒரு சோதனை தேவைப்பட்டது.

இன்று நமக்கு இருக்கும் தொல்லையில் காற்றுக்கு உண்மையாகவே பங்கு உண்டு. மூக்கு ஒழுகல், அடுக்குத் தும்மல், இரவில் இளைப்பு என்று இங்கே குறைப்படாத குடும்பம் அரிது. பெங்களூரில் குழந்தைகளின் நுரையீரல் மருத்துவரான டாக்டர் எச். பரமேஷ், 1979 முதல் 1999 வரை 18 வயதுக்கு உட்பட்ட 20,000 பேரைக் கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார். ஆஸ்துமா இருந்தவர்கள் 1979-ல் 9 சதவீதம், 1999-ல் 29.5 சதவீதம். மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு இது. ஊர் முழுவதற்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ஏறுமுகத்தை யாரும் மறுக்க முடியாது. வாகனப் புகை, நெருக்கடி, தூசி என்று காரணங்கள் பல. அவற்றில் மகரந்தமும் பூஞ்சையின் வித்துகளும் எவ்வளவு பங்கு என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். அதை ஊகித்துச் சொல்ல முடியாது. காற்றைப் பிடித்து, எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படி எண்ணுவது நம் நாட்டுக்குப் புதிய வேலை அல்ல. 1873-ல் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி எழுதியது. கோடையில் தம்மை வாட்டிய தும்மலுக்குப் புல்லின் மகரந்தமே காரணம் என்று அவர் நிறுவினார். பசை தடவிய கண்ணாடித் தகட்டைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு மேலே இருக்கும் காற்றையும் சோதித்தார். தம் தோலையே சுரண்டி அதில் மகரந்தத்தை வைத்தும் பார்த்தார். மற்றது கல்கத்தாவிலிருந்து வந்தது. டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்ற அரசு மருத்துவர் அலிப்பூர், பிரெசிடென்சி சிறைகளில் காற்றின் திசைக்குத் தானே திரும்பும் ஒரு கூம்புக் கருவியை வைத்தார். உள்ளே கிளிசரின் தடவிய கண்ணாடி. நாள்தோறும் அதில் ஒட்டியதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைந்தார். காலராவும் காய்ச்சலும் கூடும் நாட்களில் காற்றில் இருப்பவையும் கூடுகின்றனவா என்று ஒப்பிட்டார். தொடர்பு இல்லை என்று தெரிந்தது. அதை அப்படியே எழுதி வைத்தார். எதிர்பார்த்த விடை வராதபோது அதை மறைக்காமல் அச்சிட்ட அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் வரைந்த படங்களில் இருப்பவை பெரும்பாலும் பூஞ்சையின் வித்துகளும் மகரந்தமும்தான். அவற்றால் காலரா வராது. இளைப்பு வருமா என்பது அன்று அவர் கேட்ட கேள்வி அல்ல.

இனி ஆய்வகத்துக்குள் போவோம். பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மிக எளிய வழி, அகார் ஊற்றிய ஒரு பெட்ரித் தட்டை அறையில் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, மூடி, சில நாள் கழித்து எத்தனை புள்ளிகள் முளைத்தன என்று எண்ணுவது. பள்ளிக்கூடத்துச் செய்முறைக்கு இது போதும். ஒரு குடும்பத்தின் மருத்துவத்துக்கு இதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். அசையாத காற்றில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 30 மைக்ரான் அளவுள்ள, ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையின் வித்து 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றேகால் நிமிடம் ஆகும். 3 மைக்ரான் அளவுள்ள, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். மின்விசிறி சுற்றினால் அதுவும் இறங்காது. ஆகவே திறந்த தட்டு கனமானதைப் பிடிக்கிறது, நுரையீரலின் அடிவரை போகக்கூடிய சின்னதை விட்டுவிடுகிறது. எத்தனை லிட்டர் காற்றிலிருந்து விழுந்தது என்பதும் தெரியாது. கொள்ளளவு தெரியாத எண்ணிக்கையை இன்னோர் எண்ணிக்கையோடு ஒப்பிட வழி இல்லை.

இதைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இருந்த ஹர்ஸ்ட். பயிர் நோய்களுக்காக 1952-ல் அவர் ஒரு கருவி செய்தார். காற்றாடியோடு சேர்ந்த ஒரு பெட்டி. காற்று வரும் பக்கமே திரும்பி நிற்கும். அதில் 14 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பிளவு. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றைப் பம்பு இழுக்கும். பிளவுக்குப் பின்னால், பசை தடவிய பட்டை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். வேகமாக வரும் காற்று பட்டைக்கு முன்னால் வளைந்து திரும்பிவிடும். அதில் வந்த துகள் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளுக்கு 48 மில்லிமீட்டர் பட்டை. இன்று பர்கார்டு என்ற பெயரில் ஆய்வகங்கள் வைத்திருப்பது இதன் வாரிசுதான். ஒரு முறை சாவி கொடுத்தால் ஏழு நாள் ஓடும். ஒரு நாளில் அது இழுக்கும் காற்று 14.4 கன மீட்டர். பெரியவர் ஒருவர் ஒரு நாளில் மூச்சிழுக்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. எனவே அந்தப் பட்டையில் ஒட்டியிருப்பது, அந்த இடத்தில் நின்றிருந்தால் நம் மூக்குக்குள் என்ன போயிருக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம்.

எண்ணும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பட்டையை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, ஃபுக்ஸின் சாயம் கலந்த கிளிசரின் ஜெல்லி விட்டால் மகரந்தம் இளஞ்சிவப்பாகும். வித்துகள் பெரும்பாலும் தங்கள் நிறத்திலேயே இருக்கும். 400 மடங்கு பெருக்கத்தில் பார்வை வட்டம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 14 மில்லிமீட்டர் அகலத்தில் நீளவாக்காக ஒரு கோடு ஓட்டினால் நாம் பார்ப்பது 28-ல் ஒரு பங்கு. நான்கு கோடு ஓட்டினால் ஏழில் ஒரு பங்கு. அதில் 72 மகரந்தம் இருந்தால், ஏழால் பெருக்கி 504, அதை 14.4-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டர் காற்றில் 35. இப்படிப் பிறந்த எண்ணை மைசூருடன் ஒப்பிடலாம், சென்னையுடன் ஒப்பிடலாம், பத்து வருடத்துக்கு முந்தைய இதே தெருவுடன் ஒப்பிடலாம். இந்தக் கருவிக்கும் குறை உண்டு. 3.7 மைக்ரான் அளவில் வரும் துகள்களில் ஏறக்குறைய பாதி தப்பிவிடும். அதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

பட்டை நகர்வதால் நேரமும் பதிவாகிறது. இதைத்தான் நான் ஹர்ஸ்டின் பெரிய கொடை என்பேன். கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா பூஞ்சைகளின் வித்துகள் வெயில் ஏறி, இலைகள் உலர்ந்து, காற்று வீசும் நடுப்பகலில் கூடும். காளான் வகையின் வித்துகளும், பைப்பூஞ்சைகளின் வித்துகளும் ஈரம் இருந்தால்தான் பாயும். மழை நின்ற பிறகும் விடியலுக்கு முன்னும் அவை மிகும். ஒருவர் மதியம் தெருவில் நடந்தால் தும்முகிறார், இன்னொருவருக்கு அதிகாலை நான்கு மணிக்கு இளைக்கிறது என்றால், இருவருக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்க வேண்டியதில்லை. சாங்கி ஏரிப் பக்கம் விடியற்காலையில் நடப்பவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

நம் நாட்டில் இந்த வேலைக்குச் சிறந்த மரபு இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராமுலு, ராமலிங்கம் இருவரும் ஒரு நெல்வயலின் காற்றை இரண்டு வருடம் தொடர்ந்து எண்ணி 1966-ல் வெளியிட்டார்கள். ராமலிங்கம் பிறகு மைசூருக்கு வந்து அந்த ஊரின் காற்றையும் எண்ணினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் பி. பி. ஆர். விட்டல் சென்னைக் காற்றின் பூஞ்சைகளைக் கணக்கெடுத்தார். ஔரங்காபாதில் எஸ். டி. திலக், மின்சாரத்தில் ஓடும் காற்றுப்பிடிப்பானை உள்நாட்டிலேயே வடிவமைத்தார். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் எஸ். என். அகாஷே பல வருடம் மகரந்தம், வித்து இரண்டையும் ஆராய்ந்து, எரிக் கால்டனுடன் சேர்ந்து 2009-ல் அவை பற்றி விரிவான நூலே எழுதினார். கோதுமைத் துருநோயின் வித்துகள் நீலகிரி, பழனி மலைகளிலிருந்து புறப்பட்டுச் சமவெளி வயல்களுக்குப் போகின்றன என்று ஆக்ராவில் இருந்த கே. சி. மேத்தா காட்டியதும் இந்த மரபில் வருவதே.

மைக்ரோஸ்கோப்பின் எல்லையைச் சொல்லாமல் போனால் தப்பு. ஆல்டர்னேரியாவை யாரும் தவறவிட முடியாது. பழுப்பு நிறம், நுனியில் நீண்ட மூக்கு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சுவர்கள். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டின் வித்தும் நிறமற்ற சின்னஞ்சிறு உருண்டைகள். பட்டையில் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஒழுங்கான அறிக்கை இரண்டையும் சேர்த்தே எழுதும். பிரிக்க வேண்டுமென்றால் வளர்க்க வேண்டும். ஆண்டர்சன் 1958-ல் தந்த கருவி அதற்கு. அடுக்கடுக்காக ஆறு தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே 400 துளைகள், கீழே போகப் போகத் துளை சிறுக்கும். நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்று. மூக்கில் தங்குவது மேல் தட்டில், நுரையீரலின் அடிக்குப் போவது கீழ்த் தட்டில் என்று அளவுவாரியாகப் பிரித்து அகாரில் இறக்கிவிடும். ஒரே துளை வழியாக இரண்டு வித்து இறங்கினால் ஒரே புள்ளியாகத்தான் முளைக்கும். அதற்குத் திருத்த அட்டவணை உண்டு. 25 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள். இன்னொரு தட்டை 37 டிகிரியில் வைப்பது அவசியம். நம் உடல் சூட்டில் வளரக்கூடிய ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் அதில் தலைகாட்டும்.

வளர்ப்பு முறைக்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. செத்த வித்து முளைக்காது. ஆனால் செத்த வித்தும் ஒவ்வாமை தரும். காளான் வித்துகளில் பல அகாரில் வளர மறுக்கும். டி.என்.ஏ. முறை இந்த இடத்தை நிரப்புகிறது. ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பூஞ்சைகளின் பொது அடையாளமாக 2012-ல் ஏற்றுக்கொண்டார்கள். வடிகட்டித் தாளில் பிடித்த தூசியிலிருந்து டி.என்.ஏ.-வை எடுத்து, பி.சி.ஆர். வழியே பெருக்கி, உயிருள்ளது செத்தது எல்லாவற்றின் பெயரையும் சொல்லலாம். எத்தனை வித்து என்பதை அது அவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. எண்ணிக்கைக்குக் கண், இனத்துக்கு வளர்ப்பு, விட்டுப்போனதற்கு டி.என்.ஏ. என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவரே நல்ல ஆய்வாளர்.

இப்போது நம் தெருவிலேயே நடந்த கதைக்கு வருகிறேன். நம்மை ஒட்டியிருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது இது. ஒவ்வாமை ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பார்த்தீனியம் என்ற களைச்செடி 1950-களில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. காலி மனை, ரயில் பாதை ஓரம், சாக்கடைக் கரை என்று பெங்களூரையும் நிறைத்தது. அதைப் பிடுங்கியவர்களுக்குக் கை, கழுத்து, கண்ணிமை எல்லாம் கருத்துத் தடித்தன. செடியில் இருக்கும் பார்த்தினின் என்ற சிறு மூலக்கூறுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுச் சோதனை வைத்து 48 மணி நேரம் காத்திருந்து படிக்க வேண்டும். அதுவரை பார்த்தீனியம் என்றால் தோல் நோய். அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் இருந்த பி. வி. சுப்பா ராவ் குழு அடுத்த கேள்வியைக் கேட்டது: தொடாதவர்களும் தும்முகிறார்களே, இதன் மகரந்தம் காற்றில் வருகிறதா? காற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். வந்தது, அதுவும் பல சமயம் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்ட கொத்துகளாக. அடுத்து, மகரந்தச் சாற்றை நோயாளிகளின் தோலில் வைத்துக் குத்திப் பார்த்தார்கள். 1991-ல் வெளியிட்ட முடிவு: பெங்களூரில் மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் 34 சதவீதம், ஆஸ்துமா உள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்குத் தோல் தடித்தது. ரத்தத்தில் அந்த மகரந்தத்துக்கு எதிரான ஐ.ஜி.இ. என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று எலைசா சோதனை மூலமும் பார்த்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. மகரந்தத்தின் புரதங்களைப் பிரித்து, முக்கிய ஒவ்வாமைப் புரதம் 31 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கிளைக்கோபுரதம் என்று 1996-ல் அடையாளம் காட்டினார்கள். காற்று, தோல், ரத்தம், மூலக்கூறு என்று நான்கு படியும் ஒரே ஊரில் ஏறி முடித்த வேலை.

ஒரே செடியில் இரண்டு நோய் என்பதைக் கவனியுங்கள். தோல் நோய்க்குச் சிறு மூலக்கூறு, ஒட்டுச் சோதனை, இரண்டு நாள். மூக்கு நோய்க்குப் புரதம், குத்துச் சோதனை, இருபது நிமிடம். ஒன்றில் இல்லை என்று வந்தால் மற்றதிலும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. இன்னொன்றும் அவர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் ராக்வீடு என்று ஒரு செடி. அதன் மகரந்தத்துக்கு எதிரான ஐ.ஜி.இ. பார்த்தீனியத்தையும் அடையாளம் கண்டுகொள்ளும், மறுதலையாகவும் அப்படியே. ஆகவே உங்கள் ரத்த அறிக்கையில் ராக்வீடுக்கு எதிரே பாசிட்டிவ் என்று இருந்தால், அமெரிக்காவுக்கே போகாத நமக்கு இது எப்படி என்று திகைக்க வேண்டாம். பார்த்தீனியத்தைச் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெளிநாட்டு மரங்களும் புற்களும் நிறைந்த சோதனைப் பேனலில் நம் காலி மனைச் செடி இல்லாமல் போவது நடக்கிறது. காற்றை எண்ணுவதற்கும் ரத்தத்தைச் சோதிப்பதற்கும் உள்ள உறவு இதுதான். எந்த ஊர்க் காற்றில் எது இருக்கிறதோ, அந்த ஊர்ப் பேனலில் அது இருக்க வேண்டும்.

குத்துச் சோதனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹிஸ்டமின் ஒரு சொட்டு, வெறும் உப்புநீர் ஒரு சொட்டு என்று இரண்டு ஒப்பீடுகளும் கையில் இருக்க வேண்டும். உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் பாசிட்டிவ். தும்மலுக்கு எடுக்கும் மாத்திரையைச் சில நாள் முன்பே, மருத்துவர் சொன்னபடி நிறுத்தியிருக்க வேண்டும். பாசிட்டிவ் என்பது உடல் அதைக் கண்டுகொண்டிருக்கிறது என்று சொல்கிறது. நோய்க்கு அதுவே காரணமா என்பதை, எந்த மாதம் எந்த நேரம் எந்த இடம் என்ற உங்கள் கதையோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பூஞ்சை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் சில ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாயிலேயே குடியேறி விடாத ஒவ்வாமையை உண்டாக்கும். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தின் ரித்தேஷ் அகர்வாலும் சகாக்களும் இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் நிழல் விழுவதால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டவர்கள் அவர்களில் உண்டு. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.இ. 0.35-க்கு மேலும், மொத்த ஐ.ஜி.இ. 500-க்கு மேலும் இருந்தால் மருத்துவர் இந்தத் திசையில் யோசிப்பார். ஆஸ்துமா கட்டுக்கு வராமல் இருப்பவர்கள் இந்த ரத்தச் சோதனையை ஒரு முறை கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டுக் காற்றைச் சோதித்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் என்ன கேட்கலாம்? எத்தனை லிட்டர் காற்றை இழுத்தீர்கள், அதே நேரத்தில் வெளியிலும் எடுத்தீர்களா என்று கேளுங்கள். வெளியே எடுக்காமல் உள்ளே எடுத்த எண் பயனற்றது. மழைக்காலத்தில் ஜன்னல் வழியே எல்லாமே வரும். வெளியில் கிளாடோஸ்போரியம் மிகுந்து, உள்ளே ஆஸ்பெர்ஜில்லஸ்-பெனிசிலியம் மிகுந்தால், வீட்டுக்குள் எங்கோ பூசணம் பிடித்திருக்கிறது. இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் வைக்கவில்லை. ஈரத்தை நீக்குங்கள் என்றுதான் சொன்னது. நானும் அதையே சொல்வேன். ஆடி மாதச் சாரலில் வடக்குச் சுவர் ஊறி, பீரோவுக்குப் பின்னால் கறுத்துக் கிடந்தால், சோதனைக்குச் செலவிடும் பணத்தை முதலில் ஒழுகும் குழாய்க்கும் தளத்துக்கும் செலவிடுங்கள்.

காற்றின் பி.எம். 2.5 அளவு இன்று கைப்பேசியில் மணிக்கு மணி வருகிறது. அதை அளக்கும் கருவிக்குப் புகைத்துகளும் பூஞ்சைவித்தும் ஒன்றே. பார்த்தீனிய மகரந்தம் 15 மைக்ரானுக்கு மேல் இருப்பதால் அந்தக் கணக்கிலேயே வராது. சில செயலிகள் காட்டும் மகரந்த எண் பெரும்பாலும் கணினிக் கணிப்பு. மல்லேஸ்வரத்தில் ஓர் உயரமான மொட்டை மாடி, சுவர் மறைக்காத மூலை, தடைபடாத மின்சாரம், ஒரு பர்கார்டு கருவி, இவை கிடைப்பது கடினம் அல்ல. கடினமானது, ஒரு நாள் பட்டையை ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கப் பழகிய கண். அகாஷே தலைமுறை வளர்த்த அந்தத் திறமை, தாவரவியல் வகுப்புகள் சுருங்கச் சுருங்கக் குறைகிறது. இங்கே கல்லூரிகள் இருக்கின்றன, பக்கத்திலேயே அறிவியல் கழகம் இருக்கிறது. தாவரவியலோ நுண்ணுயிரியலோ படிக்கும் மாணவர்கள் இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் பெயர் கொடுங்கள். வாரம் ஒரு மாலை உட்கார்ந்து எண்ணக் கற்றுத்தர நான் தயார்.

பின்வரிசை மேசையில் இரண்டு மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறோம். இடது பக்கத்தில் பார்த்தீனிய மகரந்தம், வலது பக்கத்தில் ஆல்டர்னேரியா. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். குவியத்தை நாங்கள் சரி செய்து தருகிறோம். இனி உங்கள் கேள்விகள்.